மூட்டுவலி மருந்தும் எலியின் காலும்

எலியின் பின்னங்காலில், கணுக்காலுக்குச் சற்று மேலே, மையால் ஒரு கோடு போடுவார்கள். ஒருவர் எலியைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொள்ள, அந்தக் கோடு வரைக்கும் காலைப் பாதரசத்தில் முக்குவார்கள். பாதம் எவ்வளவு இடத்தை அடைத்ததோ அவ்வளவு பாதரசம் பக்கத்துக் குழாயில் ஏறும். இன்னொருவர் குனிந்து, கண்ணை மட்டத்துக்கு நேராக வைத்து, அளவைப் படித்து நோட்டில் எழுதுவார். எலி துள்ளினால் மட்டமும் துள்ளும். மறுபடி முக்க வேண்டும். நொச்சியும் மஞ்சளும் சேராங்கொட்டையும் மூட்டு வீக்கத்துக்குக் கேட்குமா என்ற கேள்விக்கு, இந்திய மருந்தியல் துறைகள் பல பத்தாண்டுகள் இந்தக் குழாயில்தான் விடை பார்த்தன.

இன்று அந்தக் குழாயில் பாதரசம் இல்லை. அதன் நச்சுக்குப் பயந்து தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். எலியைப் பிடித்திருப்பவரே காலடியில் உள்ள விசையை மிதித்தால் அளவு திரையில் நின்றுவிடும், மில்லிலிட்டரில் நூறில் ஒரு பங்கு வரைக்கும். வீக்கத்தை அளப்பதோடு விடுவதும் இல்லை. இரத்தத்தில், வீக்கத்தைத் தூண்டும் புரதங்களான டி.என்.எஃப். ஆல்ஃபா எவ்வளவு, இன்டர்லூக்கின்-6 எவ்வளவு என்று எலைசா தட்டில் பார்க்கிறார்கள். வசதியுள்ள ஆய்வகங்களில் மைக்ரோ சி.டி. கருவி, எலும்பு அரிக்கப்பட்ட இடத்தை முப்பரிமாணத்தில் காட்டுகிறது. கருவிகள் இவ்வளவு மாறியும் அந்த மைக்கோடு மட்டும் இன்னும் போடப்படுகிறது.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய காலத்தில் மருந்தைச் சோதிக்க எலி வேண்டியிருக்கவில்லை. நோயாளியே இருந்தார். நாடி, தொடுகை, நாக்கு, நிறம், குரல், கண், மலம், சிறுநீர் என எட்டையும் பார்த்துவிட்டுத் திண்ணை வைத்தியர் கேள்விகளைத் தொடங்குவார். முதலில் எந்த மூட்டு பிடித்தது, காலையில் எழுந்ததும் விரல் மடங்குகிறதா, வாடைக்குக் கூடுகிறதா, பிள்ளை பெற்ற பிறகு வந்ததா என்று கேட்டுக்கொண்டே போவார். அதற்குத் தக்கபடி மருந்து மாறும். வாதநாராயணன் இலையை ஆமணக்கெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம், நொச்சித்தழை போட்டு வேது, முடக்கற்றான் ரசம், அமுக்கரா சூரணம் பாலில். எதற்கும் மசியாத நோய் என்றால் சேராங்கொட்டை. கூடவே பத்தியம்: புளி ஆகாது, கருவாடு ஆகாது, வாயுப் பண்டங்கள் ஆகாது. ஒரு மண்டலம், அதாவது 48 நாள், சாப்பிட்டுவிட்டு வரச் சொல்வார்.

அந்த முறையில் இருந்த குறையையும் சொல்லியாக வேண்டும். குணமானவர் ஊரெல்லாம் சொன்னார். குணமாகாதவர் வேறு வைத்தியரிடம் போனார், அல்லது வீட்டோடு முடங்கினார். அவரைப் பற்றிய கணக்கு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. முடக்குவாதத்துக்கு ஒரு குணமும் உண்டு. சில மாதம் கொழுந்துவிட்டு எரியும், பிறகு தானே தணியும், மறுபடி எரியும். எரியும்போது வந்தவருக்கு எதைக் கொடுத்திருந்தாலும் தணியும்போது பெயர் மருந்துக்குத்தான் போயிருக்கும். பல தலைமுறை அனுபவம் என்று நாம் மதிப்பதில் எவ்வளவு மருந்தின் வேலை, எவ்வளவு நோயின் இயல்பு என்று பிரித்துப் பார்க்க அன்றைக்கு வழி இல்லை.

பிரித்துப் பார்க்கும் முயற்சி இங்கே ஆய்வகத்துக்குள் நுழைந்தது 1920-களில். கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் 1921-இல் மருந்தியல் பேராசிரியராகச் சேர்ந்த ராம்நாத் சோப்ரா, நாட்டு மருந்துச் சரக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். 1933-இல் அவருடைய பெரிய நூல் வந்தது. அந்தக் காலத்து ஆய்வக விலங்குகள் பூனையும் நாயும் தவளையும். மயக்கப்பட்ட விலங்கின் இரத்த அழுத்தம், விளக்குப்புகை ஏற்றிய தாள் சுற்றிய உருளையில் வெள்ளைக் கோடாக விழும். கோடு அழியாமல் இருக்க அரக்கு வார்னிஷில் முக்கிக் காயவைப்பார்கள். நெஞ்சுக்கும் குடலுக்கும் ஆன மருந்துகளுக்கு இந்த ஏற்பாடு போதும். மூட்டுவலி மருந்துக்கு இது உதவவில்லை, ஏனென்றால் மூட்டுவலி உள்ள விலங்கு கையில் இல்லை.

அந்த விலங்கு 1956-இல் கிடைத்தது. ஜூல்ஸ் ஃபிராய்ண்ட் என்ற நோய் எதிர்ப்பியல் அறிஞர், தடுப்பூசி ஆய்வுகளுக்காக ஒரு கலவையை உருவாக்கியிருந்தார்: கொல்லப்பட்ட காசநோய் வகைக் கிருமிகளைப் பாரஃபின் எண்ணெயில் குழைத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கார்ல் பியர்சன் அதை எலிகளுக்குச் செலுத்தியபோது, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் மூட்டுகள் வீங்கின. ஊசி போட்ட கால் மட்டுமல்ல, போடாத காலும், வாலும் வீங்கின. முடக்குவாதம்போல ஒன்று எலிக்கு வந்துவிட்டது. ஆறு ஆண்டு கழித்து, 1962-இல், மெர்க் நிறுவன ஆய்வகத்தில் சார்லஸ் விண்டர் குழு இன்னும் எளிய வழியைச் சொன்னது. செங்கடற்பாசியிலிருந்து எடுக்கும் காரஜீனனை 1 சதவீதக் கரைசலாக்கிப் பாதத்தில் செலுத்தினால் மூன்று மணி நேரத்தில் நல்ல வீக்கம் வரும். ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்கச் சேர்க்கிறார்களே, அதே காரஜீனன்தான். காலையில் ஊசி, மத்தியானத்துக்குள் முடிவு. செலவும் குறைவு. உலகம் முழுக்க அந்த முறை பரவியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மூலிகைகளுக்கு அதன்பின் ஒரு பொற்காலம் வந்தது என்றே சொல்லலாம். லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் ஸ்ரீமலும் தவானும் 1973-இல் மஞ்சளின் குர்குமினை எலிகளில் பார்த்தார்கள். உடனடி வீக்கத்தில் அது ஃபினைல்பியூட்டசோன் என்ற வீக்க மருந்துக்குச் சமம், நாள்பட்ட வீக்கத்தில் அதில் பாதி என்று எழுதினார்கள். பாதி என்பதை மறைக்காமல் எழுதிய அந்த நேர்மை இன்று மஞ்சள் மாத்திரை விளம்பரங்களில் இல்லை. ஜம்முவின் வட்டார ஆய்வகத்தில் சிங்கும் அட்டலும் 1986-இல் சல்லகிப் பிசினை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அது மாத்திரையாகக் கடைக்கு வந்து இன்றும் விற்கிறது. நம் பக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், 1990-களில் சேராங்கொட்டையை எடுத்துக்கொண்டார்கள். ஃபிராய்ண்ட் கலவையால் மூட்டு வீங்கிய விஸ்டார் எலிகளுக்குச் சேராங்கொட்டையின் பால் சாற்றைப் பல அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். தோலில் பட்டால் கொப்பளிக்கும், வண்ணார் துணிக்குக் குறியிடப் பயன்படுத்திய அந்தக் கொட்டை, அளவாகக் கொடுத்தபோது வீக்கத்தைக் குறைத்தது. சித்த மருந்து முறைக்கு நெருக்கமான வடிவிலேயே அதைச் சோதித்தது எனக்கு அந்த ஆய்வில் மிகவும் பிடித்த அம்சம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எலியின் நிலை அன்றைக்கு எப்படி இருந்தது? கம்பி வலைக் கூண்டு, ஊறவைத்த கடலை, ரொட்டித்துண்டு. பிறகு ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உருண்டைத் தீவனம். எத்தனை எலி வேண்டும் என்பதை ஆய்வாளரே முடிவு செய்வார். முடிந்ததும் ஈதர் ஜாடி. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்றுதான் பெரும்பாலும் இருந்தது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்து, ஆய்வுகளைக் கண்காணிக்க ஒரு குழுவுக்கு இடமும் வைத்திருந்தது. ஆய்வக வாசலில் அது காவலுக்கு நின்றது 1998-இன் விதிகளுக்குப் பிறகுதான். இன்று ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு உண்டு. அதில் கால்நடை மருத்துவர் இருக்க வேண்டும், வெளி நிறுவனத்து அறிவியலர் ஒருவர் இருக்க வேண்டும், அறிவியலுக்கு வெளியே உள்ள சமூக அக்கறையாளர் ஒருவரும் இருக்க வேண்டும். எத்தனை எலி, ஏன் அத்தனை, வேறு வழி இல்லையா, வலி எவ்வளவு, எப்போது நிறுத்துவீர்கள் என்று படிவம் கேட்கிறது. உமி பரப்பிய பாலிபுரோப்பிலீன் கூண்டு, 12 மணி நேர வெளிச்சம், 12 மணி நேர இருட்டு, 22 டிகிரியை ஒட்டிய வெப்பம். இது பெரிய ஆதாயம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

ஆனாலும் ஒன்றைத் தெரிந்தே விட்டுவைத்திருக்கிறார்கள். மூட்டு வீங்கிய எலிக்கூட்டத்தில் ஒரு பிரிவுக்கு எந்த மருந்தும் கிடையாது. மற்றப் பிரிவுகளை ஒப்பிடுவதற்காக அது வீங்கியபடியே 21 நாளோ 28 நாளோ இருக்கும். வலி நிவாரணி கொடுத்தால் கணக்கு கெட்டுவிடும் என்பதால் பெரும்பாலும் அதுவும் கிடையாது. எடை குறையும், கூண்டில் எட்டி நின்று தீவனம் எடுப்பதே அதற்குப் பாடாகிவிடும். ஒரு பிரிவுக்கு 6 எலி, ஐந்து பிரிவு, ஆக 30 எலி என்பது இங்கே வழக்கமான கணக்கு. நல்ல கூண்டும் நல்ல தீவனமும் வந்தபிறகும் இந்த 6 எலியின் பாடு 1956-இல் இருந்தபடியே இருக்கிறது.

இனி மருந்தின் கதை. எனக்கு உறுத்துவது இங்கேதான்.

வைத்தியர் கொடுத்தது ஒரு தயாரிப்பு. சேராங்கொட்டை என்றால் மூக்கை அரிந்து, சுத்தி செய்து, பாலிலோ நெய்யிலோ பக்குவம் பார்த்து இறக்கிய மருந்து. அமுக்கரா என்றால் பாலில் அவித்து உலர்த்திப் பொடித்தது. எதோடு சாப்பிட வேண்டும் என்பதும் மருந்தின் பாதி: தேன், நெய், பால், வெந்நீர். ஆய்வகத்தில் வழக்கமாக நடப்பது வேறு. இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, சாக்ஸ்லெட் கருவியில் எத்தனால் ஊற்றிப் பல மணி நேரம் காய்ச்சி, சாராயம் ஆவியானபின் அடியில் தங்கும் பசையை எடுக்கிறார்கள். அதைச் சி.எம்.சி. கரைசலில் கலக்கி, முனையில் சிறு குண்டு வைத்த வளைந்த ஊசியால் எலியின் தொண்டை வழியே வயிற்றில் விடுகிறார்கள். அளவு கிலோவுக்கு 200 மி.கி., 400 மி.கி. என்று முழு எண்ணாக இருக்கும். முடக்கற்றானை எத்தனாலில் ஊறவைத்துக் குடித்த தமிழர் யாரும் இல்லை. நூலில் சொன்ன மருந்து ஒன்று, எலி சாப்பிட்டது மற்றொன்று, ஆய்வுக் கட்டுரையின் முடிவுரையில் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடும்: மரபு வழிப் பயன்பாடு அறிவியல் முறையில் நிறுவப்பட்டது என்று. தரமணி ஆய்வை நான் மெச்சியது இதனால்தான்.

சித்த மருத்துவக் கல்லூரிகளில் இதில் கூடுதல் கவனம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையிலும் சென்னையிலும் தாம்பரம் சானடோரியத்திலும் மேற்படிப்பு மாணவர்கள் ஆய்வேடு எழுதும்போது, நூலில் உள்ள சூரணத்தை நூலில் உள்ளபடியே செய்துதான் எலிக்குக் கொடுக்கிறார்கள். மனித அளவை எலி அளவாக மாற்ற 1964-இல் பேஜெட்டும் பார்ன்ஸும் வகுத்த அட்டவணையைப் பயன்படுத்துவார்கள். மனிதருக்கு நாளொன்றுக்கு 2 கிராம் என்றால் 0.018-ஆல் பெருக்கி, 200 கிராம் எடையுள்ள எலிக்கு 36 மி.கி. சட்டமும் அவர்களுக்கு ஓரளவு இடம் விட்டிருக்கிறது: அங்கீகரிக்கப்பட்ட பழைய நூலில் உள்ள மருந்தை, அதில் சொன்ன நோய்க்கே செய்து விற்பதற்குப் புதிதாக விலங்குச் சோதனை காட்டத் தேவையில்லை என்கிறது மருந்துச் சட்ட விதிகளின் 158பி பிரிவு. பிறகு ஏன் இவ்வளவு எலி என்று கேட்டால், பட்டத்துக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரை வேண்டும் என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லத்தான் வேண்டும்.

மருந்தைச் சரியாகவே கொடுத்தாலும் எலி யார் என்ற கேள்வி நிற்கிறது. பெரும்பாலான ஆய்வுகளில் அது 150 முதல் 200 கிராம் எடையுள்ள இளம் ஆண் எலி. முடக்குவாதம் பெண்களுக்கு ஆண்களைப்போல இரண்டு மூன்று மடங்கு அதிகம் வரும் நோய். முழங்கால் தேய்மானம் முதுமையின் நோய். எலிக்கு நோய் வந்த நாள் தெரியும், மணி கூடத் தெரியும். பல ஆய்வுகளில் அன்றைக்கே, சிலவற்றில் அதற்கு முன்பே, மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். நம் அம்மாக்கள் மருத்துவரிடம் போவது, வாளியைத் தூக்க முடியாமல் ஆறு மாதம் சமாளித்துப் பார்த்த பிறகு. எலியின் நோய் சில வாரத்தில் உச்சத்துக்குப் போய்த் தானே இறங்கத் தொடங்கும். மனிதரின் நோய் முப்பது ஆண்டு கூட வரும். 48 நாள் மண்டலத்தின் இடத்தில் 21 நாள் நிற்கிறது.

ஒரு மனிதரின் மூட்டு எப்படி இருக்கிறது என்பதற்கு நல்ல அளவுகோல்களில் ஒன்று, காலை விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்பது. எலியிடம் அதைக் கேட்க முடியாது. அதனால் பாதத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுகிறார்கள், நாலு பாதத்துக்கும் சேர்த்து அதிகபட்சம் 16. மதிப்பெண் போடுபவருக்கு எது மருந்து சாப்பிட்ட எலி என்று தெரிந்திருந்தால் 2 என்பது 1 ஆகச் சறுக்குவது எளிது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அரசுப் பணத்தில் நடந்த விலங்கு ஆய்வுகளில் 271-ஐ எடுத்து 2009-இல் பரிசீலித்தபோது, 87 சதவீதத்தில் விலங்குகளைக் குலுக்கல் முறையில் பிரித்ததாகக் குறிப்பில்லை, 86 சதவீதத்தில் மதிப்பிட்டவரின் கண்ணைக் கட்டியதாகக் குறிப்பில்லை. ஆகவே இதை நம் ஊர்க் குறை என்று சுருக்க வேண்டாம். அதற்கு அடுத்த ஆண்டே, கட்டுரையில் எவையெவை சொல்லப்பட வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. 2020-இல் அதைத் திருத்தி வெளியிட்டார்கள்.

இவ்வளவு சொன்னதால் எலியும் சுண்டெலியும் ஒன்றுக்கும் உதவவில்லை என்று ஆகாது. லண்டனில் ஃபெல்ட்மனும் மைனியும் 1992-இல், கொலாஜன் ஊசியால் மூட்டு வீங்கிய சுண்டெலிகளில் டி.என்.எஃப்.-ஐத் தடுத்துப் பார்த்தார்கள். வீக்கமும் மூட்டுச் சேதமும் குறைந்தன. அதே ஆண்டு நோயாளிகளுக்கும் அதைக் கொடுக்கத் தொடங்கினார்கள். இன்று உலகம் முழுவதும் முடக்குவாதக்காரர்கள் போட்டுக்கொள்ளும் ஊசிகள் அந்த வழியில் வந்தவை. அங்கே எலியிடம் கேட்ட கேள்வி கூர்மையானது, எலியிலிருந்து மனிதருக்குப் போக எடுத்துக்கொண்ட நேரமும் குறைவு. நம் மூலிகை ஆய்வுகளில் பெரும்பாலானவை எலியின் பாதத்தோடு நின்றுவிடுகின்றன. ஒரே செடியை வேறு கல்லூரி, வேறு கரைப்பான், வேறு முப்பது எலி என்று மறுபடி மறுபடி சோதிக்கிறோம்.

நிற்காமல் மனிதர் வரைக்கும் போன ஆய்வு ஒன்று கோயம்புத்தூரில் நடந்தது. பியர்சன் எலிக்கு மூட்டுவாதம் வரவழைத்த அதே லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து டேனியல் ஃபர்ஸ்ட் என்ற மூட்டு நோய் நிபுணர், கோவை ஆயுர்வேத மருத்துவர்களோடு சேர்ந்தார். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. முடக்குவாத நோயாளிகள் 43 பேர், மூன்று பிரிவு, 36 வாரம். ஒரு பிரிவுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற ஆங்கில மருந்தும் போலி ஆயுர்வேத மருந்தும். அடுத்ததற்கு ஆயுர்வேத மருந்தும் போலி மெத்தோட்ரெக்சேட்டும். மூன்றாவதற்கு இரண்டும் அசல். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. ஆனால் வைத்தியர் அவரவர் உடல்வாகு பார்த்துத் தனித்தனியாக மருந்து எழுதலாம். அந்த உரிமை பறிபோகவில்லை. முடிவு 2011-இல் வந்தது: மூன்று பிரிவும் ஏறத்தாழச் சமம், ஆயுர்வேதம் மட்டும் எடுத்தவர்களுக்குப் பக்கவிளைவு சற்றுக் குறைவு. 43 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அவர்களே முன்னோட்டம் என்றுதான் அழைத்தார்கள். சித்த மருந்தும் அல்ல. ஆனாலும் திண்ணை வைத்தியரின் கேள்வியும் ஆய்வகத்தின் கண்டிப்பும் ஒரே அறையில் உட்கார முடியும் என்று காட்டியது அது. எத்தனையோ நூறு எலிப் பாதங்கள் சொல்லாததை அந்த 43 பேர் சொன்னார்கள்.

இரண்டு ஆண்டு கழித்துப் புனேயிலிருந்து அதைவிடப் பெரியது வந்தது. முழங்கால் தேய்மானம் உள்ள 440 பேர், 24 வாரம். சுக்கு, சீந்தில், நெல்லிக்காய், பிசின் வகைகள் சேர்ந்த மருந்து, குளுக்கோசமின், செலகாக்சிப் என்ற ஆங்கில மருந்துகளுக்கு ஈடுகொடுத்தது. 26 பேருக்கு எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதி உயர்ந்திருந்தது, அவர்களில் ஆயுர்வேதம் எடுத்த 7 பேரை ஆய்விலிருந்து விலக்கினார்கள். அவர்களுக்கு வெளியே தெரியும் தொந்தரவு எதுவும் இல்லை. இரத்தம் எடுத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது.

அந்த 7 பேரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். திண்ணைக் காலத்தில் அது கண்ணில் பட்டிருக்காது, எலி ஆய்விலும் தவறிப்போக வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் 2004 முதல் 2022 வரை மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்டதாகப் பதிவான 10 பேரை ஆராய்ந்தபோது, 7 பேருக்கு எச்.எல்.ஏ.-பி*35:01 என்ற ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. ஒருவர் இறந்தார். அந்த மரபணு வகை மனிதருக்கு உரியது. எலிக்கு எவ்வளவு குர்குமின் கொடுத்தாலும் இந்த ஆபத்து தெரிய வராது. மும்பையில் 2021-இல் சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு என்று மருத்துவர்கள் எழுதினார்கள். செடியே மாறிப்போயிருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. எந்தச் செடி, எவ்வளவு நாள், எந்த வடிவில் என்று தெரியாத வரைக்கும் அந்த வாதம் முடியாது. வைத்தியர் கையால் பறித்துக் கொடுத்த காலத்தில் செடி எது என்பதில் இவ்வளவு குழப்பத்துக்கு இடம் இல்லை. வேலியில் இருந்த செடியை வைத்தியரும் அறிவார், நோயாளியும் அறிவார். இன்று பொட்டலத்தில் லத்தீன் பெயர் அச்சாகியிருக்கிறது, உள்ளே இருப்பது எது என்பதற்கு வாங்குபவரிடம் விடை இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022-இல் ஆர்ட்ரி கிங் என்ற மூட்டுவலி மாத்திரையைப் பரிசோதித்தபோது, லேபிளில் சொல்லாத டைக்ளோஃபினாக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருந்தன. மூலிகை என்று நம்பி வாங்கியவர்களுக்குச் சுகம் கொடுத்தது அந்த ஸ்டீராய்டு.

இப்போது எலியின் இடத்துக்கும் போட்டி வந்துவிட்டது. மூலிகையில் உள்ள ஒவ்வொரு மூலக்கூறும் எந்தப் புரதத்தில் பொருந்தும் என்று கணினியிலேயே பார்க்கிறார்கள். ஆய்வேடுகளில் அந்த வண்ணப் படங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. மூட்டுச் சவ்வின் மனித உயிரணுக்களைத் தட்டில் வளர்த்து மருந்தை ஊற்றுகிறார்கள். புது மருந்துகளுக்கு விலங்கு இல்லாத சோதனை முறைகளையும் ஏற்கலாம் என்று இந்திய அரசு 2023 மார்ச்சில் விதியைத் திருத்தியது. எலிக்கு நல்ல செய்தி. கஷாயத்துக்கு எப்படி என்று எனக்குச் சந்தேகம். எத்தனாலில் இலை வந்தபோது பாலும் தேனும் போயின. கணினியில் மூலக்கூறு வரும்போது இலையும் போய்விடும்.

என் கணிப்பு இது. எலியால் நன்றாகப் பதில் சொல்ல முடிந்த கேள்விகள் சில உண்டு. சுத்தி செய்த சேராங்கொட்டைக்கும் செய்யாததற்கும் சிறுநீரகத்தில் என்ன வேறுபாடு என்பது அப்படி ஒன்று. சேராங்கொட்டை மருந்துச் சட்டத்தின் நச்சுப் பொருள் பட்டியலில் இருக்கும் சரக்கு; அதை மனிதரிடம் நேராகப் பார்க்க முடியாது. அதற்கு எலி தேவை, அனுமதி கேட்டு, குறைந்த எண்ணிக்கையில் எடுக்கலாம். ஆனால் முடக்கற்றான் தோசையும் நொச்சி வேதுவும் நம் வீட்டில் இருக்கின்றன. அவை வீக்கத்தைக் குறைக்குமா என்று கேட்க எலியின் காலில் வீக்கத்தை உண்டாக்க வேண்டியதில்லை. வீங்கிய முட்டியோடு சித்த மருத்துவமனை வரிசையில் தினமும் ஆட்கள் நிற்கிறார்கள். அவர்களிடம் சம்மதம் வாங்கி, கோவையில் செய்ததுபோல மறைத்துப் பிரித்து, காலை விறைப்பின் நிமிடத்தை எழுதி, மாதம் ஒருமுறை கல்லீரல் நொதியைப் பார்த்தால் போதும். அடுத்த ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களும் வழிகாட்டிகளும் இதை யோசிக்க வேண்டும்.

படிப்பவர்களில் மூட்டுவலிக்குச் சூரணமோ மஞ்சள் மாத்திரையோ மாதக்கணக்கில் எடுப்பவர்கள் இருப்பீர்கள். அதை உங்கள் ஆங்கில மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அவர் எழுதிய மாத்திரையைச் சித்த மருத்துவரிடமும் மறைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எஸ்.ஜி.பி.டி. பார்த்துக்கொள்ளுங்கள். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ, மருந்தை அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.